ஏ-ஏழாம் வீட்டின் குறிப்புக் கட்டம்

“உங்க வீட்டுல ஒரு ஒழுங்கு கிடையாது மைனி, குளிக்கப் போனா வாளி இருக்கு, கப்பு இல்ல, கப்பு இருந்தா சோப்பு இல்ல, எங்க பிளாக்குல இப்படி ஒரு நாளு நடந்தது கிடையாது.”

பி-பிளாக் பதினோராம் வீட்டு பால்துரை வாத்தியார் அன்று காலை ஈரத் துண்டோடு நின்று சொன்னதை, அவர் இழுத்த இழுப்பு மாறாமல், அண்ணி முறை வைத்துக் கூப்பிட்ட ‘மைனி’யில் அவர் வைத்த அழுத்தம்கூடக் குறையாமல், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானதிரவியத்தின் மேசைக்கு முன்னால் நின்று ஒப்பித்தாள் ஹெப்சிபா.

“கேட்டியளா அண்ணாச்சி? என் வீட்டுக் குளியலறையில, என் வாளியில, நான் மோட்டார் போட்டு ஏத்துன தண்ணியில குளிச்சிட்டு வந்து எனக்கே ஒழுங்கு சொல்லித் தாராரு. இன்னையோட பதினாறு நாளு. பதினெட்டுக் குடும்பம். எழுபத்தோரு பேரு. நீங்க என்ன செய்யப் போறிய?”

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். “என் ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தாம்மா தெரியுது.”

“உங்க ஸ்கிரீன்ல தெரியும். ஜனம் என் அடுப்பங்கரையில லா நிக்கி!”

“மனுவா எழுதிக் குடுங்க.”

“பதினஞ்சு மனு குடுத்தாச்சு. அந்த ஃபைலைத் திறந்து என்கிட்ட விடுங்க, அஞ்சு நிமிஷத்துல நானே எடுத்துடுதேன்.”

“ஃபைல்ல கை வைக்கணும்னா பொதுக்குழு தீர்மானம் வேணும்லா. எல்லாரும் உங்க வீட்டுலதானே இருக்காவ, அங்கேயே கூட்டத்தைப் போட்டுருவோம். நீங்க டீக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிட்டியன்னா...”

ஹெப்சிபா படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். கோபம் தலைக்கேறினால் அவளுக்கு முதலில் வருவது அந்தப் பள்ளியின் ஆங்கிலம்தான். “நான்சென்ஸ்!” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள், கதவை அடித்துச் சாத்த நினைத்து, அது பாதியிலேயே தரையில் உரசி நின்றுவிட, அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு படியேறினாள்.

நடந்தது இவ்வளவுதான். பாளையங்கோட்டையில் செண்பகா குடியிருப்பு என்று இரண்டு கட்டடங்கள், ஏ-பிளாக்கில் பன்னிரண்டு வீடு, பி-பிளாக்கில் பதினெட்டு. இரண்டுக்கும் தனித்தனியாக இருந்த குடும்பப் பட்டியலை ஒன்றாக்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஞானதிரவியத்துக்குத் தோன்றியது. எண், குடும்பத் தலைவர், ஆட்கள், போன், வண்டி, கடைசியில் குறிப்பு என்று ஆறு கட்டம் போட்ட அட்டவணை அது; குறிப்புக் கட்டத்தில் சிலருக்கு ‘நாய் உண்டு’ என்றும் சிலருக்கு ‘மகன் வெளிநாடு’ என்றும் இருக்க, ஏ-ஏழாம் வீட்டுக்கு எதிரே மட்டும் ‘அடிக்கடி புகார் செய்வார்’ என்று இருந்தது. அன்று காலையும் தண்ணீர்த் தொட்டி கழுவாததைப் பற்றி ஹெப்சிபா வந்து கத்திவிட்டுப் போயிருந்ததால், அந்தக் குறிப்போடு இன்னும் ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று அவர் அந்தக் கட்டத்துக்குள் கர்சரைக் கொண்டு வைத்தார், அதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போனார், திரும்பி வந்தவர் என்ன செய்ய உட்கார்ந்தோம் என்பதை மறந்து, பி-பிளாக் பட்டியலை முழுதாகக் காப்பி செய்து, கர்சர் எங்கே சிமிட்டிக்கொண்டிருக்கிறது என்று பாராமல் அப்படியே ஒட்டினார்.

அந்த நேரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஹெப்சிபாவின் முதுகுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கச் சுவர் சத்தமில்லாமல் நாலடி விலகிக்கொடுத்தது, பி-ஒன்று வீட்டுக்காரர்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, “யக்கா, சுவிட்ச் எங்க இருக்கு?” என்று கேட்டார்கள், அவர்களுக்குப் பின்னால் பி-இரண்டு, அதற்குப் பின்னால் பி-மூன்று, பட்டியலில் இருந்த வரிசை தப்பாமல் பதினெட்டு வரைக்கும், கட்டிலும் பீரோவும் சாமி படமும் ஜெபமாலையும் தொழுகைப் பாயும் ஊறுகாய் ஜாடியுமாக வந்து இறங்கினார்கள். இடம் பற்றாமல் போகவில்லை. அட்டவணைக் கட்டத்தின் குணம் அது. எவ்வளவு போட்டாலும் விரிந்து விரிந்து கொடுக்கும், போதும் என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது, அதனிடம் யாரும் கேட்பதும் கிடையாது. ஹெப்சிபாவின் வீடும் அப்படியே விரிந்தது, கூரை உயர்ந்தது, நடை நீண்டது, சமையலறையின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிடக் கைதட்ட வேண்டியிருந்தது. அது விரிந்த விரிப்பில் அதற்குக் கீழே இருந்த ஏ-எட்டு முதல் ஏ-பன்னிரண்டு வரையிலான ஐந்து வீடும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் மாவு மில்லுக்குப் பக்கத்துக் காலி மனையில் போய் நின்றன. தலைப்பு வரி அவற்றோடு சேர்ந்து அந்தப் பக்கத்துக்குப் போகவில்லையாதலால், அங்கே இருந்தவர்களுக்குத் தங்கள் விவரங்களில் எது எதுவென்று கொஞ்சநாள் பிடிபடவில்லை. ஏ-ஒன்பது லாரன்ஸிடம் பெயர் கேட்டால் மோட்டார் சைக்கிள் நம்பரைச் சொன்னார். தபால்காரர் அதையும் மனப்பாடம் செய்துகொண்டார்.

ஊர் பழகிக்கொண்ட வேகத்தை நினைத்தால்தான் ஹெப்சிபாவுக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் நாளே பால்காரர் எல்லாப் பாக்கெட்டையும் அவள் வாசலில் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போனார். காய்கறிக்காரி கூடையோடு நேராக ஹாலுக்கு வந்து உட்கார்ந்து, “இங்கதான் நெழலு நல்லா இருக்கு” என்றாள். புதன்கிழமை ஜெபக்கூட்டம், வெள்ளிக்கிழமை விளக்கு, ஐந்து வேளைத் தொழுகை, எதற்கும் எதுவும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு நேரப் பட்டியல் எழுதி அவள் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டிவிட்டார்கள், அவள் சமைக்கும் நேரமும் அதில் ஒரு வரியாக இருந்தது. பி-பதினான்கு வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் ஹாலின் நீளத்தைக் கண்டு திருப்திப்பட்டு அங்கேயே பூ வைத்துவிட்டுப் போக, கல்யாணப் பத்திரிகையில் விலாசம் ‘ஏ-7, குறிப்பு, பி-14’ என்று தங்க எழுத்தில் அச்சாகி வந்தது. பி-பிளாக் கட்டடம் காலியாகக் கிடந்து, புறா அடைந்து, அதுவும் ஒரு அழகாகத்தான் இருக்கிறது என்று மாலையில் எல்லாரும் அவள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். ஏன் வந்தோம் என்று ஒருவர் கேட்கவில்லை. எப்போது போவோம் என்று ஒருவர் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டை மட்டும் எல்லாரும் ஒழுங்காகக் கொண்டுவந்து அவளுடைய தொட்டியில் போட்டார்கள்.

அவள் கணவர் எட்வின் காலை ஒன்பதுக்கு ஆபீஸுக்குப் போனால் ஏழுக்கு வருவார். வந்ததும் பால்துரையோடு செஸ். “வீடு நெறஞ்சு கெடக்கு ஹெப்சி, அதுவும் ஒரு ஆசீர்வாதம்தான்” என்றார் ஒருநாள்.

“ஆசீர்வாதம் நாப்பது டம்ளர் கழுவாமக் கெடக்கு. எந்திரிச்சுப் போயிக் கழுவுங்க.”

அவர் குதிரையை நகர்த்தினார்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ, ஆனால் வெள்ளிக்கிழமை ஷைனி வருகிறாள். ஒரே மகள், தலைப்பிரசவம், டாக்டர் குறித்துக்கொடுத்த தேதிக்கு மூன்று வாரம்தான் பாக்கி. அவளுக்கென்று ஹெப்சிபா சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை தைத்து, கட்டிலை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருந்த பின்னறையில் இப்போது பி-மூன்று கோமதியின் இரண்டு தையல் மிஷினும், பி-நான்கின் மூன்று பீரோவும், பி-ஐந்தின் மீன் தொட்டியும் இருந்தன. ஹெப்சிபா ஷைனியைப் பெற்றபோது அவள் தாய்வீட்டில் அண்ணனுக்குக் கல்யாணம். பெற்றவளுக்கு ஓர் அறை ஒழிக்க முடியாமல் நடையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். நாற்பது நாள் அவள் அந்தப் போர்வைக்குப் பின்னால் மார்பைத் திறந்துகொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க, போகிற வருகிற ஆண்கள் எல்லாம் செருப்பைத் தேடுகிறேன், பாயைத் தேடுகிறேன் என்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். என் பிள்ளைக்குக் கதவு உள்ள ஓர் அறை, சாத்தினால் சாத்தியபடி இருக்கிற கதவு, அது போதும் என்று அன்றைக்கு நினைத்தவள் இருபத்தேழு வருஷமாக வேறு பெரிதாக எதையும் நினைக்கவில்லை.

புதன்கிழமை அவள் நான்சென்ஸ் என்று சொல்லிவிட்டு வந்ததும் ஷைனியின் மாமியார் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். “உங்களுக்கு எடம் பத்தலீன்னா பரவால்லீங்க சம்மந்தி, அவ இங்கயே இருந்துக்கட்டும்.” தேனில் தோய்த்த அந்தக் குரலைக் கேட்டபோது ஹெப்சிபாவின் காது மடல் சுட்டது.

அன்று மாலை ஞானதிரவியம் தன் கடமையைச் செய்தார். பி-பிளாக் எழுத்தையெல்லாம் ஆறு பாயிண்ட்டுக்குக் குறைத்தார். எழுபத்தோரு பேரும் முழங்கால் உயரத்துக்கு வந்தார்கள். பசி மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. பால்துரை வாத்தியார் முக்காலி போட்டு ஏறி, கொசு மாதிரிக் குரலில், “மைனி, இப்ப கப்பு எட்ட மாட்டேங்கு” என்றார். காலடியில் யார் மிதிபடுவார்களோ என்று பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து ஹெப்சிபாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ராத்திரிக்குள் பழையபடி ஆக்காவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்று அவள் கத்தியதில் பழையபடி ஆக்கினார்.

வியாழக்கிழமை அவர் கண்டுபிடித்ததுதான் உச்சம். வரியின் உயரத்தை இவ்வளவுதான் என்று கட்டிப்போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்டிப்போட்டால் அதற்கு மேல் உள்ளே எது இருந்தாலும் வெளியே தெரியாது. ஹெப்சிபாவின் வீடு ஒரே மூச்சில் பழைய அளவுக்குச் சுருங்கியது, பார்த்தால் ஹாலில் ஒருவரும் இல்லை. ஏ-பிளாக்கிலிருந்து நாலு பேர் வந்து அறை அறையாக எட்டிப் பார்த்து, “யாருமே இல்லியே, சுத்தமா இருக்கே” என்று சான்று கொடுத்தார்கள். ஞானதிரவியம் ‘ஏ-7 புகார் தீர்க்கப்பட்டது’ என்று சுற்றறிக்கை ஒட்டினார். ஆனால் எட்டுப் படி அரிசி வடித்தால் எட்டுப் படியும் காலியானது. ஆளில்லாத பின்னறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடியது. அலுத்துப்போய் அவள் சோபாவில் உட்கார்ந்தால், “யக்கா, மடியில உக்காந்துட்டிய” என்று கோமதியின் குரல் அடியிலிருந்து வந்தது. காற்றிலிருந்து ஒரு ஈரத் துண்டு வாடை அவளைத் தாண்டிப் போய், “மைனி, கப்பு” என்றது.

“பாத்தியா, சரியாயிட்டுல்லா” என்றார் எட்வின், எதிரே இல்லாத ஆளோடு செஸ் ஆடிக்கொண்டு.

“சரியாவல. மறைச்சிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?”

“கண்ணுக்குத் தெரியலன்னா என்ன கஷ்டம் உனக்கு?”

பதினேழு நாளும் அவள் கத்திக் கத்தி வெளியே போய்க்கொண்டிருந்த கோபம் அந்த நிமிஷம்தான் திரும்பி உள்ளே வந்து, உட்கார ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஞானதிரவியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். சங்க அறையில் ஃபேன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. ஹெப்சிபா போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கான்வென்ட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அட்டவணை என்றால் இடம் எண்ணி, நடு எடுத்து, கோடு ஒரு மயிரிழை விலகினாலும் சிஸ்டர் தாளை உருவிக் கிழித்துப்போடுகிற காலத்தில் கற்றவள். அவள் வரியைத் தேடி எடுத்தாள். கடைசிக் கட்டத்தில், ‘அடிக்கடி புகார் செய்வார்’. அதற்குக் கீழே, நறுக்கிவிட்ட மாதிரி, ஒரு கறுப்புக் கோட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அந்த மூன்று வார்த்தையை அவள் இரண்டு தரம் படித்தாள்.

சாத்தூரைத் தாண்டி காரில் வந்துகொண்டிருந்த ஷைனி போனில் சொல்லித்தந்தாள். “டேபிளுக்குள்ள டேபிளைக் கொண்டு ஒட்டிருக்காரும்மா. மொதல்ல ரோ ஹைட்டுன்னு இருக்கும், அதுல டிக்கை எடு.”

எடுத்தாள். தலைக்கு மேலே மாடியில் எழுபத்தோரு பேரின் சத்தம் குபீரென்று திறந்துகொண்டது.

“இப்ப உள்ள இருக்க டேபிளோட மூலையில சின்னதா நாலு அம்பு தெரியுதா? அதை அமுக்கிட்டு கட் பண்ணு. உடனே பெரிய டேபிளுக்குக் கீழ வந்து பேஸ்ட் பண்ணிரு. உடனேம்மா. நடுவுல வேற எதையும் காப்பி பண்ணிராத. வெட்டுனது அந்த நேரம் எங்கயும் இருக்காது, அடுத்த காப்பி வந்துட்டா இது போயிரும்.”

“போயிரும்னா?”

“போயிரும்மா. அவ்வளவுதான்.”

சிக்னல் அறுந்தது. ஹெப்சிபா வெட்டினாள்.

கரண்டிச் சத்தம், குழாய்ச் சத்தம், தையல் மிஷின், குழந்தைகளின் சண்டை, வாத்தியாரின் தொண்டைச் செருமல், எல்லாம் ஒரு சேரப் போயின. எதிர்ப்புறக் காலி மனையிலிருந்து ஐந்து வீடும் தூக்கம் கலையாமல் தம் இடத்துக்கு வந்து நின்றன. பெரிய அட்டவணைக்குக் கீழே வெள்ளையில் கர்சர் சிமிட்டியது. இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. பதினெட்டு நாள், பதினைந்து மனு, ஆறு பாயிண்ட், சுற்றறிக்கை, எல்லாம் இந்த இரண்டு தட்டுக்காகத்தான். அதை நினைத்தபோது அவள் விரல் விசைக்கு மேலேயே நின்றது. ஒரு பத்து நிமிஷம். பதினெட்டு நாள் என் வீட்டில் கேட்காமல் இருந்தவர்கள் பத்து நிமிஷம் எங்கேயும் இல்லாமல் இருக்கட்டுமே. அவள் எழுந்து மாடிக்குப் போனாள்.

வீடு அவள் வீட்டின் அளவில் இருந்தது. பெருக்கினாள், துடைத்தாள், பின்னறைக் கட்டிலில் புது விரிப்பை விரித்தாள், குளியலறையில் கப்பை எடுத்து வாளிக்குள் போட்டு, “இந்தா இருக்கு வாத்தியாரே கப்பு, கண்ணு இருந்தாத் தெரியும், நாப்பது வருஷம் பிள்ளையளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்தீரே, ஒரு நாளு உம்ம தட்டை நீரு கழுவுனீரா?” என்று வாய்விட்டுக் கேட்டாள். பிறகு பி-ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக் கேட்டாள். யாரும் குறுக்கே பேசவில்லை. இவ்வளவு நன்றாகத் தன்னால் பேச முடியும் என்று அவளுக்கே தெரியாது. நடுவில் கயத்தாறிலிருந்து ஷைனி, “ம்மா, ஒட்டிட்டியா?” என்றாள்; “ஒட்டியாச்சு, ஒட்டியாச்சு, நீ பைய வா” என்று போனை வைத்துவிட்டு, பி-ஒன்பதில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பத்து நிமிஷம் ஐம்பதானது.

துணி அடுக்க அலமாரியைத் திறந்தபோது மேல்தட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. நேற்று கோமதி, கண்ணுக்குத் தெரியாத கையால், “யக்கா, இது ஷைனி பிள்ளைக்கு” என்று நீட்டியதைப் ஹெப்சிபா பிரித்துக்கூடப் பாராமல் அங்கே வீசியிருந்தாள். ரவிக்கை வெட்டிய மிச்சத் துணியில் ஐந்து குட்டிச் சட்டை, உள்ளங்கை அகலத்துக்கு. ஒன்றில் தையல் கோணலாக இருந்தது. பிள்ளைக்கு உறுத்தாமல் இருக்க எல்லாவற்றுக்கும் தையலை வெளிப்பக்கமாக வைத்திருந்தாள் கோமதி. ஹெப்சிபா ஐந்தையும் மடித்துப் பின்னறைக் கட்டிலில் வைத்தாள். “சரி, போதும்” என்று சொல்லிவிட்டு, கீழே போய் ஒட்டிவிட்டு வரலாம் என்று திரும்பினாள்.

அப்போது கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

பால்கனிக்கு ஓடிப் பார்த்தாள். சங்க அறை ஜன்னல் வழியே ஞானதிரவியத்தின் வழுக்கைத் தலை தெரிந்தது. பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்திருக்கிறார். அவர் வாழ்நாளில் எந்த நோட்டீஸையும் புதிதாக அடித்தவரில்லை. திறந்திருப்பதை மூடுவார், சேமிக்கவா என்று கேட்டால் படிக்காமல் ஆம் என்பார், போன மாத நோட்டீஸைத் திறந்து முழுதாகக் காப்பி செய்து, ஒட்டி, தேதியை மட்டும் மாற்றுவார்.

“அண்ணாச்சி!”

தலை அசையவில்லை.

“ஞானதிரவியம் அண்ணாச்சி! எதையும் தொடாதிய! நான் கீழ வாரேன்!”

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாக அந்தக் குரலுக்குத் தலை நிமிராமல் இருக்கப் பழகியிருந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மற்ற வீடுகளில் மதியத் தூக்கம், ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஹெப்சிபா படிக்கட்டை நோக்கி ஓடினாள். போய்ச் சேர அவளுக்கு இரண்டு மாடி இருந்தது, அவருக்கு ஒரு விரல் இருந்தது. இடுப்பு பிடித்து நிலைப்படியில் சாய்ந்தவள், பெருக்கித் துடைத்து வைத்த வெறும் ஹாலைப் பார்த்துத் திரும்பிக் கத்தினாள்.

“யாராவது ஓடிப் போயி அந்த ஆளு கையைப் புடிங்களேன்! கோமதி... வாத்தியாரே... யாராவது ஒருத்தராவது போங்களேன்!”